கட்டடம் பசுமையா? மதிப்பெண், வாழ்நாள் கணக்கு, மீட்டர்: எதை நம்புவது?

ஒரே கட்டடத்தை மூன்று பேரிடம் காட்டி, இது சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று கேட்டால் மூன்று பதில் வரும். சான்றிதழ் வேலை பார்ப்பவர் பட்டியலைக் கூட்டிப் பார்த்துவிட்டு ‘கோல்டு கிடைக்கும்’ என்பார். வாழ்நாள் கணக்குப் போடுபவர் அடித்தளத்தில் இறங்கிய கான்கிரீட்டின் அளவைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குவார். கட்டடத்தைப் பராமரிப்பவரோ போன வருஷத்து மின்கட்டண ரசீதுகளை மேசைமேல் எடுத்துப் போடுவார். மூன்று பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். ஆளுக்கொரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் ‘எந்த மதிப்பீட்டு முறை சிறந்தது?’ என்று ஆரம்பித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். மதிப்பீட்டை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறோம், அந்த முடிவை இன்னும் மாற்ற முடிகிற கட்டத்தில் இருக்கிறோமா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். வரைபடத்தில் இருக்கும் கட்டடத்துக்கு உதவும் கருவி, பத்து வருஷமாக ஆள் புழங்கும் கட்டடத்துக்குப் பெரும்பாலும் உதவாது.

மதிப்பெண் முறைகள்

பலரும் கேள்விப்பட்டிருப்பது இவற்றைத்தான். 1990-ல் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ‘பிரீயம்’ முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ‘லீட்’ 1998-ல் சோதனை வடிவில் வந்தது. அப்புறம் ஆஸ்திரேலியாவின் கிரீன் ஸ்டார், ஜப்பானின் காஸ்பீ, ஜெர்மனியின் டிஜிஎன்பி, இந்தியாவின் கிரிஹா என்று வரிசை நீண்டது. பெரும்பாலானவற்றின் உள்ளே எலும்புக்கூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். இடம், ஆற்றல், தண்ணீர், பொருள்கள், அறைக் காற்று, கழிவு என்று தலைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் இதைச் செய்தால் இத்தனை மதிப்பெண் என்று இருக்கும். லீட் நான்காம் பதிப்பில் மொத்தம் 110. அதில் 40 வந்தால் சான்றிதழ், 50-க்கு சில்வர், 60-க்கு கோல்டு, 80-க்கு பிளாட்டினம். பிரீயத்தில் சதவீதக் கணக்கு: 30-ல் தேர்ச்சி, 70-ல் ‘எக்ஸலண்ட்’, 85-ல் ‘அவுட்ஸ்டாண்டிங்’.

இந்த முறைகளின் பெரிய பலன் சான்றிதழ் அல்ல என்பது என் எண்ணம். கட்டடக் கலைஞர், மின் பொறியாளர், ஏசி வடிவமைப்பவர், ஒப்பந்தக்காரர் என்று தனித்தனித் தீவாக வேலை செய்பவர்களை ஒரே பட்டியலின் முன்னால் உட்கார வைக்கிறதே, அதுதான் பலன். வேலைத்தளத்துக் கழிவு எங்கே போய்ச் சேர்கிறது, பெயின்டிலிருந்து என்ன ஆவி வருகிறது, ஒப்படைக்கும் முன் ஏசி அமைப்பை முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தார்களா போன்ற கேள்விகள் பட்டியலில் இருப்பதாலேயே பேச்சுக்கு வருகின்றன. இல்லாவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கோளாறு கூட்டலில் இருக்கிறது. எல்லாத் தலைப்பும் ஒரே குடத்தில் விழுவதால், ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துக்கொள்ளலாம். சைக்கிள் நிறுத்த இடமும் குளிக்க வசதியும் செய்து கொடுத்தால் லீட் நான்காம் பதிப்பில் 1 மதிப்பெண். ஆற்றல் பயன்பாட்டை இன்னும் சில சதவீதம் குறைக்க வெளிச்சுவரையே மாற்றி வடிவமைத்தாலும் அதே 1 மதிப்பெண் கிடைக்கலாம். செலவு பார்க்கும் எந்தக் குழுவும் முதலில் எதைச் செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்காகத்தான் சில விஷயங்களைக் கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டாயத்தின் வரம்பு பொதுவாகத் தாழ்வாக இருக்கும். அதற்கு மேலே எல்லாம் மதிப்பெண் வேட்டைதான்.

இன்னொன்று, ஆற்றல் மதிப்பெண் பெரும்பாலும் கணினி மாதிரியை வைத்துத் தரப்படுகிறது. ‘இந்தக் கட்டடம் ஒரு சராசரிக் கட்டடத்தைவிட 30 சதவீதம் குறைவாகச் செலவழிக்கும்’ என்று மாதிரி சொல்லும். அந்தச் சராசரிக் கட்டடம் காகிதத்தில் மட்டும் இருப்பது. அதை மோசமாக வரைந்துவிட்டால் நம்முடையது தானாக அழகாகத் தெரியும். 2009-ல் வெளியான ஒரு ஆய்வு, லீட் சான்றிதழ் பெற்ற 100 கட்டடங்களின் உண்மையான ஆற்றல் செலவை எடுத்து அதே வகைச் சாதாரணக் கட்டடங்களோடு ஒப்பிட்டது. சராசரியாகப் பார்த்தால் லீட் கட்டடங்கள் ஒரு சதுர அடிக்கு 18 முதல் 39 சதவீதம் வரை குறைவாகவே செலவழித்தன. ஆனால் அவற்றில் 28 முதல் 35 சதவீதக் கட்டடங்கள் தங்கள் சாதாரண ஜோடியைவிட அதிகமாக இழுத்தன. சில்வரா பிளாட்டினமா என்பதற்கும் மீட்டர் காட்டியதற்கும் பெரிய தொடர்பே இல்லை. கொள்கை வகுப்பவருக்கு அந்தச் சராசரி போதும். ஒரே ஒரு கட்டடத்தை வாங்கப் போகிறவருக்கு அது எப்படிப் போதும்?

கூட்டலின் சிக்கலிலிருந்து தப்பிக்க இரண்டு முறைகள் வேறு வழி பார்த்தன. ஜப்பானின் காஸ்பீ கூட்டாமல் வகுக்கிறது. கட்டடம் தரும் தரத்தை, அது வெளியுலகத்தின் மேல் ஏற்றும் சுமையால் வகுத்தால் வருவதுதான் அதன் தகுதி எண். ஈவு 3 அல்லது அதற்கு மேலே போய், தரமும் குறைந்தபட்ச அளவைத் தொட்டால் உச்சத் தரவரிசை. 1-க்குக் கீழே போனால் பின்வரிசை. உள்ளே ஆடம்பரத்தைக் கூட்டிக்கொண்டே வெளியே சுமையையும் கூட்டினால் ஈவு நகராது. எனக்குப் பிடித்த யோசனை இது. ஆனால் விளம்பரப் பலகையில் ‘ஈவு’ என்று போட முடியாதே, அதனாலோ என்னவோ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டிஜிஎன்பி வேறு வழியில் போகிறது: மொத்த மதிப்பெண் போதாது, முக்கியத் தலைப்பு ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஒரு குறைந்தபட்சத்தைத் தொட வேண்டும். கணக்கில் 90 வாங்கித் தமிழில் 20 வாங்கினால் தேர்ச்சி இல்லை என்பது போல. வாழ்நாள் கணக்கையும் வாழ்நாள் செலவையும் அது தொடக்கத்திலிருந்தே உள்ளே வைத்திருக்கிறது.

உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி உருவாக்கிய ‘எட்ஜ்’ முறையையும் சொல்லியாக வேண்டும். மூன்றே மூன்று விஷயம்: ஆற்றல், தண்ணீர், பொருள்களைத் தயாரிப்பதால் வரும் சுமை. ஒவ்வொன்றிலும் உள்ளூர் வழக்கத்தைவிட 20 சதவீதம் குறைக்க வேண்டும். மென்பொருள் இணையத்தில் இலவசம்; சான்றிதழ் வேண்டாதவர்களும் திறந்து எண்களை மாற்றி விளையாடிப் பார்க்கலாம். குறுகலான முறைதான், ஆனால் ஒன்றின் குறையை இன்னொன்றில் ஒளிக்க முடியாது.

வாழ்நாள் கணக்கு

மதிப்பெண் முறை ‘நல்லது செய்தீர்களா?’ என்று கேட்கிறது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, சுருக்கமாக எல்சிஏ, ‘மொத்தம் எவ்வளவு கெடுத்தீர்கள்?’ என்று கேட்கிறது. சுரங்கத்திலிருந்து கல்லை எடுப்பதில் ஆரம்பித்து, இடித்த குப்பையைக் கொட்டுவது வரை எல்லாவற்றையும் கிலோக்கணக்கில் கூட்டும் வேலை இது. பொதுவான விதிகள் ஐஎஸ்ஓ 14040, 14044-ல் இருக்கின்றன. கட்டடங்களுக்கான ஐரோப்பியத் தரம் 2011-ல் வந்த இஎன் 15978. அதில் கட்டடத்தின் ஆயுளை எழுத்துகளாகப் பிரித்திருப்பார்கள். பொருளைத் தயாரித்து, ஏற்றி வந்து, கட்டுவது ஏ. பயன்பாட்டுக் காலம் பி. இடிப்பும் அகற்றலும் சி. இடித்த பிறகு மறுபயன்பாட்டால் கிடைக்கும் லாபம் டி; அது தனிக்கணக்கு.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சிமென்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுமார் 1450 டிகிரி வரை சூடாக்கும்போது எரிபொருளிலிருந்து ஒரு பங்கு கரியமில வாயு வருகிறது. கல்லே உடைந்து அதைவிடப் பெரிய பங்கை விடுகிறது. சூளையை நாளைக்கே சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த இரண்டாவது பங்கு போகாது. அதாவது கட்டடத்தில் முதல் விளக்கு எரிவதற்கு முன்பே பெரிய அளவு கார்பன் காற்றில் கலந்துவிட்டிருக்கும். இதைத்தான் பொதிந்த கார்பன் என்கிறோம். எத்தனை நட்சத்திர ஏசி மாட்டினாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

எல்சிஏ-வின் அருமை, இடித்துக் கட்டலாமா என்ற கேள்வியில் நன்றாகத் தெரியும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 1,000 சதுர மீட்டர் பழைய கட்டடம். வழி ஒன்று: சீரமைப்பது. சதுர மீட்டருக்கு 100 கிலோ பொதிந்த கார்பன், அதன்பின் வருஷத்துக்கு 90 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். வழி இரண்டு: இடித்துவிட்டு மிகத் திறமையான புதுக் கட்டடம். சதுர மீட்டருக்கு 500 கிலோ, வருஷத்துக்கு 50 யூனிட் மட்டும். புதியதற்குக் கூடுதல் கார்பன் கடன் 400 டன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரை கிலோ கரியமில வாயு வந்தால், 40 யூனிட் மிச்சத்தால் வருஷத்துக்கு 20 டன் தப்பும். 20 வருஷத்தில் கடன் அடையும். பரவாயில்லை என்று தோன்றும். இப்போது மின்சாரம் தூய்மையாகிக்கொண்டே வந்து யூனிட்டுக்கு 100 கிராம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் வருஷத்துக்கு 4 டன்தான். கடன் அடைய 100 வருஷம். அந்தப் புதுக் கட்டடமே அவ்வளவு காலம் நிற்குமா என்பது வேறு கேள்வி. பழைய கட்டடம் பழையது என்பதற்காகவே இடிக்கத் தகுந்தது ஆகிவிடாது என்பதை எந்த மதிப்பெண் பட்டியலும் இவ்வளவு பட்டென்று சொல்லாது.

சட்டங்களும் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டன. டென்மார்க் 2023-ல் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு உச்சவரம்பு வைத்தது: 50 ஆண்டுக் கணக்கில், சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 12 கிலோ கரியமில வாயு. பிரான்ஸின் ஆர்இ2020 விதிகளும் 2022 முதல் வாழ்நாள் கார்பனைக் கேட்கின்றன.

சரி, அப்படியானால் எல்சிஏ போட்டுவிட்டால் முடிந்ததா? இல்லை. ஒருவரின் எல்சிஏ-வையும் இன்னொருவரின் எல்சிஏ-வையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைப் போல ஆபத்தான வேலை இந்தத் துறையில் குறைவு. ஒருவர் தூணையும் தளத்தையும் மட்டும் எண்ணியிருப்பார். இன்னொருவர் குழாய், கேபிள், உட்கூரை வரை எண்ணியிருப்பார். ஒருவர் 50 வருஷம் என்று வைத்திருப்பார், இன்னொருவர் 60. சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது, ஆயுளைக் கூட்டினாலே எண் இறங்கிவிடும்.

மரத்தில் இன்னும் பெரிய வேடிக்கை. உலர்ந்த மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை கார்பன். அதனால் ஒரு கிலோ மரம் வளரும்போது சுமார் 1.8 கிலோ கரியமில வாயுவை இழுத்திருக்கும். தயாரிப்புக் கட்டத்தில் இதைக் கழித்துக் காட்டுவார்கள், கட்டடம் பூமிக்கே உதவி செய்தது போல எதிர்மறை எண் வரும். ஆயுள் முடிந்து மரம் எரிக்கப்படும்போதோ மட்கும்போதோ அது திரும்ப வெளியே போகிறது. அது சி பகுதியில் கூட்டப்பட வேண்டும். அறிக்கை ஏ-யோடு நின்றுவிட்டால் மரம் மந்திரக்கோல் ஆகிவிடும். மரக் கட்டடம் பற்றிய அறிக்கை என்றால் நான் முதலில் கடைசிப் பக்கம் போய் சி பகுதி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

ஏசி வாயுவும் அடிக்கடி விட்டுப்போகும். ஆர்-410ஏ என்ற குளிர்பொருளின் வெப்பமாக்கும் திறன், 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல 2,088 மடங்கு. 10 கிலோ கசிந்தால் கிட்டத்தட்ட 21 டன். மேலே போட்ட கணக்கில் புதுக் கட்டடம் ஒரு வருஷம் மிச்சப்படுத்தியது அப்படியே போச்சு.

ஆகவே எல்சிஏ-வைத் தீர்ப்பாகப் படிக்காமல், ஒரே ஆள், ஒரே மென்பொருளில், ஒரே எல்லைக்குள் இரண்டு மூன்று வடிவமைப்புகளை ஒப்பிடும் தராசாகப் பயன்படுத்தினால்தான் அது தன் வேலையைச் செய்யும். அறைக்குள் காற்று நன்றாக இருக்கிறதா, கட்டடம் நிற்கும் மண்ணில் பறவை வந்ததா போனதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இன்று பலர் எல்சிஏ என்று சொல்வதுகூட கார்பன் கணக்கு மட்டும்தான்; அமிலமாதல், நீர்நிலைகளில் ஊட்டம் மிகுதல் போன்ற மற்ற விளைவுகளும் முறைப்படி அதில் உண்டு.

மீட்டர் சொல்வது

மூன்றாவது குடும்பம் வாக்குறுதிகளைக் காதில் வாங்காது. ஆஸ்திரேலியாவின் ‘நேபர்ஸ்’ 12 மாத உண்மையான ரசீதுகளைக் கேட்டு வாங்கி, பயன்பாட்டு நேரம், தட்பவெப்பம் போன்றவற்றுக்குச் சரிக்கட்டி, 6 வரை நட்சத்திரம் கொடுக்கிறது. இதில் நல்ல நுணுக்கம் ஒன்று: கட்டட உரிமையாளர் கையில் இருக்கும் லிஃப்ட், பொது ஏசி போன்றவற்றுக்கு ஒரு மதிப்பீடு, வாடகைக்கு இருப்பவரின் கணினிக்கும் விளக்குக்கும் தனி மதிப்பீடு. யார் பொறுப்பு என்பதில் சண்டை வராது. 2010-ல் வந்த சட்டப்படி அங்கே பெரிய அலுவலக இடங்களை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஆற்றல் மதிப்பீட்டை வெளியிட வேண்டும். 2017-லிருந்து அந்த வரம்பு 1,000 சதுர மீட்டராக இறங்கியது. விளம்பரத்திலேயே நட்சத்திரம் தெரிய வேண்டும் என்றதும், பராமரிப்பவரின் பேச்சை முதலாளிகள் கேட்க ஆரம்பித்தார்கள்.

‘லிவிங் பில்டிங் சேலஞ்ச்’ இதையே கடைசி எல்லைக்குக் கொண்டு போகிறது. கட்டடம் ஒரு வருஷம் ஓடி, தான் செலவழித்ததைவிட அதிக ஆற்றலைத் தானே உண்டாக்கியது என்று காட்டினால்தான் அதன் முழுச் சான்றிதழ். சியாட்டிலில் 2013-ல் திறந்த 6 மாடி புல்லிட் சென்டர் அப்படி வாங்கிக் காட்டியது. மதிக்கத்தக்க சாதனை, சந்தேகமில்லை. ஆனால் எல்லாருக்கும் ஏற்ற தேர்வு முறை என்று இதைச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மிகக் குறைந்த ஆற்றலில் ஓடும் வீடுகளுக்கான பாசிவ்ஹவுஸ் தரம், வாக்குறுதிக்கும் மீட்டருக்கும் நடுவில் நிற்கிறது. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் முதல் வீடுகள் எழுந்தன. அதில் பட்டியலும் கூட்டலும் கிடையாது, வரம்பு மட்டும்தான்: சூடாக்க வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது. கட்டிய பிறகு வாசலில் பெரிய மின்விசிறியை மாட்டி, 50 பாஸ்கல் அழுத்தத்தில் வீட்டுக் காற்று மணிக்கு 0.6 தடவைக்கு மேல் மாறுகிறதா என்று சோதிக்கிறார்கள். கொத்தனார் விட்ட இடுக்கை எந்த மாதிரியும் கண்டுபிடிக்காது, அந்த விசிறி கண்டுபிடித்துவிடும். வெப்பத்தை வெளியே நிறுத்துவதே பிரச்சினையாக இருக்கும் தட்பவெப்பத்தில் கணக்கு மாறும், ஆனால் ‘கட்டிய பிறகு சோதி’ என்ற ஒழுக்கம் எங்கேயும் செல்லும்.

மீட்டருக்கும் குருட்டுப் பகுதிகள் உண்டு. பொதிந்த கார்பன் அதன் கண்ணில் படாது. தப்பு தெரியும்போது கட்டடம் எழுந்து நிற்கும். சதுர மீட்டர்க் கணக்கு பெரிய வீடுகளுக்குச் சாதகமாகவே வேலை செய்கிறது என்பதையும் மறக்கக்கூடாது: இரண்டு பேர் வாழும் 400 சதுர மீட்டர் மாளிகை, ஐந்து பேர் வாழும் 80 சதுர மீட்டர் வீட்டைவிடச் சதுர மீட்டருக்குக் குறைவாகச் செலவழித்து நல்ல பெயர் வாங்கிவிடும். தலைக்கு எவ்வளவு என்று பெரும்பாலான மதிப்பீடுகள் கேட்பதே இல்லை. கேட்டால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார் போலிருக்கிறது.

யாருக்கு எது

இன்னும் வரைபட நிலையில் இருப்பவர் முதலில் தொட வேண்டியது எல்சிஏ. அதுவும் சீக்கிரம்: தூண்களின் இடைவெளி, தரைக்கு அடியில் எத்தனை தளம், கான்கிரீட்டா எஃகா மரமா என்பது முடிவாகும் முன். பொதிந்த கார்பனின் பெரும்பகுதி அந்தச் சில முடிவுகளில் உட்கார்ந்திருக்கிறது. முழு அளவுப் பட்டியல் கையில் வந்த பிறகு போடும் எல்சிஏ துல்லியமாக இருக்கும், ஆனால் அதை வைத்து மாற்ற ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆரம்பத்தில் தோராயமாகப் போட்ட கணக்கே மேல். கூடவே வெயில், நிழல், காற்றோட்டத்துக்கான ஆற்றல் மாதிரி. இடிப்பதா வைப்பதா என்று யோசிப்பவருக்கும் இதே கருவிதான்; மின்சாரம் தூய்மையாகும் என்றும் ஆகாது என்றும் இரண்டு விதமாகப் போடச் சொல்லுங்கள்.

கடன் தருபவரோ வாடகைக்கு வரும் பெரிய நிறுவனமோ சான்றிதழ் கேட்டால், அவர்கள் ஏற்கும் சான்றிதழை வாங்குங்கள். இதில் தத்துவம் பேச இடமில்லை. ஆனால் மதிப்பெண்ணை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆற்றல் தலைப்பில் முடிந்தவரை ஏறிவிட்டு, மிச்சத்தை மட்டும் சைக்கிள் கொட்டகையில் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆலோசகர்கள் தலைகீழாகத்தான் ஆரம்பிப்பார்கள்.

கட்டிய கட்டடத்தை வாங்குபவருக்கும் வாடகைக்கு எடுப்பவருக்கும் சுவரில் மாட்டிய பலகையைவிட 12 மாத ரசீது மேல். பலகை இருந்தால் அதில் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, வடிவமைப்பு நிலையில் தந்ததா கட்டிய பிறகு தந்ததா என்று பாருங்கள். பிரீயத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சான்றிதழ் உண்டு. வடிவமைப்புச் சான்றிதழ் என்பது இடைக்காலம்தான். ரசீது தர மறுப்பவர்கள் உண்டு. மறுப்பையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டுபவர் இந்த முறைகளில் எதற்கும் பணம் கட்ட வேண்டாம் என்பேன். பரப்பைக் குறைப்பது, வெயில் படும் பக்கம் ஜன்னலைச் சுருக்குவது, தேவைக்கு மேல் கான்கிரீட் போடாமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் இன்னொரு தடவை கணக்குப் பார்க்கச் சொல்வது: ஆலோசகருக்குத் தரும் பணம் இங்கே போனால் நன்றாக வேலை செய்யும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு வேண்டியது அளவீடு. மொத்த மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ‘மின்சாரம் அதிகமாகப் போகிறது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. ஏசிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, லிஃப்டுக்கும் பம்புக்கும் ஒன்று, ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று என்று துணை மீட்டர்கள் இருந்தால், இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத தளத்தில் எது ஓடுகிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். கட்டிய பிறகு அவற்றைச் சேர்க்க வேண்டுமென்றால் பேனலைத் திறந்து சுற்றுகளைப் பிரித்துக் கேபிளை மாற்ற வேண்டும். அதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள், வேறு எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, வயரிங் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் அதில் எத்தனை துணை மீட்டர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.